அரசு ஆஸ்பத்திரி கருவிகளும் அவற்றின் விலையும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் சர்ஜிகல் சப்ளை தொழிலில் பல வருடம் இருந்துவிட்டு விலகியவன் நான். டெண்டர் போட்டிருக்கிறேன், தோற்றிருக்கிறேன், சிலசமயம் ஜெயித்தும் இருக்கிறேன். இப்போது ஓய்வாக இருப்பதால், அடுக்கம்பாறை, குடியாத்தம், வாலாஜா அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வருகிறவர்கள் “அந்த மெஷின் எவ்வளவு சார் இருக்கும்?” என்று கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கருவி வாங்குவது யார்? அங்கே இருக்கிற பெரிய டாக்டரா?

பெரும்பாலும் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் அமைக்கப்பட்டது. 1995 ஜனவரியிலிருந்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, தரப் பரிசோதனை செய்து அனுப்புகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் எடுத்துக்கொள்ளலாம். மருந்து விஷயத்தில் இது நல்ல ஏற்பாடு. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

கருவிகளையும் இதே கழகம் வாங்குகிறது. ஆனால் கருவி மாத்திரை மாதிரி இல்லை. 500 மில்லிகிராம் பாராசிட்டமாலை எந்தக் கம்பெனி செய்தாலும் அது 500 மில்லிகிராம் பாராசிட்டமால்தான். நாலு கம்பெனி விலையை வரிசையாக எழுதிப் பார்த்துவிடலாம். வென்டிலேட்டரை அப்படி எழுத முடியாது. ஒன்றில் இருக்கும் வசதி இன்னொன்றில் இருக்காது. விலையை ஒப்பிட முடியாத இடத்தில்தான் விலை ஏறும்.

கழகத்தைத் தவிர வேறு வழிகளும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை செய்வதற்காக அரசு ஆஸ்பத்திரிக்கே வரும் பணம், எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி நிதி, தேசிய சுகாதார இயக்கத்தின் பணம், தோல் தொழிற்சாலைகள் போன்ற கம்பெனிகள் தரும் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதி, அவசரத்துக்கு உள்ளூரிலேயே வாங்குவது. பெரிய டெண்டரைப் பத்திரிகைக்காரர்கள் பார்க்கிறார்கள், தணிக்கையும் பார்க்கிறது. இந்தச் சில்லறை வழிகளை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

எம்.ஆர்.பி.யைவிடக் குறைவாகத்தானே அரசு வாங்குகிறது? அப்புறம் என்ன அதிக விலை?

மருத்துவக் கருவியில் எம்.ஆர்.பி. என்பது அச்சடித்த எண், அவ்வளவுதான். 2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ட்ரிப்ஸ் குழாயில் மாட்டும் மூன்று வழி ஸ்டாப்காக், ஆஸ்பத்திரி வாங்கிய விலை 5 ரூபாய் 77 காசு. நோயாளி பில்லில் 106 ரூபாய். லாபம் 1,737 சதவீதம். 106 என்பது உறையில் அச்சடித்திருந்த எம்.ஆர்.பி.தான். சட்டப்படி அங்கே யாரும் ஒரு பைசா கூட அதிகம் வாங்கவில்லை.

இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட்டும் இதே கதை. 2017 பிப்ரவரிக்கு முன் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் சராசரி எம்.ஆர்.பி. 1,21,400 ரூபாய். ஆணையம் உச்சவரம்பு போட்டபோது அது 29,600 ஆனது. மருந்து பூசாதது 45,100-லிருந்து 7,260-க்கு இறங்கியது. ஒரே ராத்திரியில் உலோகம் மலிந்துவிட்டதா என்ன? நடுவில் இருந்த கமிஷன் போனது. அதே வருடம் ஆகஸ்டில் மூட்டு மாற்றுக் கருவிக்கும் உச்சவரம்பு வந்தது; அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகை சுமார் 1,58,000-லிருந்து 54,720 ரூபாய்க்கு வந்தது.

ஆகவே “எம்.ஆர்.பி.யில் 40 சதவீதம் தள்ளுபடிக்கு வாங்கினோம்” என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் சிரித்துவிட்டுப் போவேன். 5 ரூபாய் 77 காசுப் பொருளை 106-ல் 40 சதவீதம் தள்ளி வாங்கினால் 63 ரூபாய் 60 காசு. தள்ளுபடியும் கிடைத்தது, பதினோரு மடங்கு விலையும் கொடுத்தாகிவிட்டது.

டெண்டர் விடுகிறார்கள், குறைந்த விலை கேட்டவருக்குத்தான் ஆர்டர். அதில் எப்படித் தப்பு நடக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 1998-ன் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. விளம்பரம், கால அவகாசம், எல்லார் முன்னும் உறை பிரிப்பது என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. உறை பிரிக்கிற இடத்தில் தப்பு நடப்பது அபூர்வம். அதற்கு வெகு முன்னால், ஸ்பெசிபிகேஷன், அதாவது கருவி எப்படி இருக்க வேண்டும் என்ற விவரம், எழுதும் மேஜையிலேயே வேலை முடிந்துவிடும்.

ஒரு நோயாளி மானிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.ஜி., ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், வெப்பநிலை காட்ட வேண்டும், பேட்டரி இத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், அலாரம் வேண்டும். இதோடு நிறுத்தினால் பத்துக் கம்பெனி போட்டிக்கு வரும். அதற்கு மேல் “திரை 12.1 அங்குலம்” என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். 12 அங்குலத் திரைக்காரர் வெளியே. “இன்ன பெயர் கொண்ட தொழில்நுட்பம்” என்று ஒரு கம்பெனியின் சொந்த வர்த்தகப் பெயரையே எழுதிவிடுவார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் அனுமதி வேண்டும் என்பார்கள். நம்மூர்த் தயாரிப்பு நன்றாக இருந்தாலும் போச்சு. ஆண்டு விற்றுமுதல் இத்தனை கோடி வேண்டும் என்றால் சின்ன ஆள் விண்ணப்பமே வாங்க மாட்டான். கடைசியில் மூன்று பேர் தகுதி பெறுவார்கள், மூன்று பேரும் ஒரே கம்பெனிப் பொருளை விற்கும் டீலர்கள். அதில் யார் விலை குறைவோ அவருக்கு ஆர்டர். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும்.

எல்லாக் கெடுபிடியும் திருட்டு என்று நான் சொல்லவில்லை. மயக்க மருந்து டாக்டர் ஒருவர் நல்ல மெஷினில் வேலை செய்து பழகியவர் என்றால் அதையே கேட்பார், அது நியாயம்தான். ஆனால் பல இடங்களில் ஸ்பெசிபிகேஷனை எழுதிக் கொடுப்பது கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிதான். டாக்டருக்கு ஓ.பி.யில் 200 பேர் நிற்கும்போது இதை உட்கார்ந்து எழுத அவருக்கு நேரம் ஏது?

டெண்டருக்கு முன் ப்ரீ-பிட் கூட்டம் என்று ஒன்று நடக்கும். “இந்த வரி ஒரே கம்பெனிக்குப் பொருந்துகிறது, மாற்றுங்கள்” என்று போட்டியாளர்கள் எழுத்தில் கேட்கலாம். சிலசமயம் திருத்தம் வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு என் யோசனை இதுதான்: யாருக்கு ஆர்டர் போனது என்று பார்ப்பதைவிட, அந்தக் கூட்டத்தில் யார் என்ன கேட்டார்கள், எது மாற்றப்படவில்லை என்று பாருங்கள்.

சின்னப் பொருளுக்கு மூன்று கொட்டேஷன் வாங்குகிறார்களே, அது பாதுகாப்பு இல்லையா?

மூன்று கொட்டேஷனும் ஒரே பையிலிருந்து வரும். கடைக்காரரே தன் கொட்டேஷனோடு, தெரிந்த இரண்டு கடைகளின் லெட்டர்பேடில் கொஞ்சம் அதிக விலை போட்டு இரண்டு தாள் கொண்டுவந்து கொடுப்பார். தொழிலில் இதற்கு ‘சப்போர்ட் கொட்டேஷன்’ என்று பெயர். என்னிடமும் லெட்டர்பேடு கேட்டு வந்தவர்கள் உண்டு. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரே எழுத்துரு, ஒரே எழுத்துப்பிழை, ஒரே தேதி.

கொரோனா நேரத்தில் அதிக விலைக்கு வாங்கினார்கள் என்கிறார்களே, உண்மையா?

சிலது நீதிமன்றத்திலும் தணிக்கையிலும் பதிவாகியே இருக்கிறது.

2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த கொரோனா ரேபிட் பரிசோதனைக் கிட் ஒன்றின் இறக்குமதி விலை 245 ரூபாய். ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 600 ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்தது. தமிழ்நாடு அரசும் அதே 600-க்கு, வரி தனி, 50,000 கிட் கேட்டிருந்தது. இது எப்படி வெளியே தெரிந்தது? எந்த அதிகாரியும் சொல்லவில்லை. இறக்குமதியாளருக்கும் விநியோகஸ்தருக்கும் பணத் தகராறு வந்து இருவரும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கேதான் விலைக் கணக்கு மேஜைக்கு வந்தது. ஏப்ரல் 24 அன்று, வரி உட்பட 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே சமயத்தில் சத்தீஸ்கர் அரசு தென்கொரிய நிறுவனத்தின் கிட்டை 337 ரூபாய்க்கு, வரி தனியாக, பேசி முடித்திருந்தது.

விலையைவிடக் கொடுமை, அந்தக் கிட் சரியாக வேலையும் செய்யவில்லை. ராஜஸ்தானில் 5.4 சதவீதம்தான் துல்லியம் என்று சொல்லி நிறுத்தினார்கள். ஏப்ரல் 27 அன்று ஐ.சி.எம்.ஆர். ஆர்டரை ரத்து செய்தது. தமிழ்நாடும் வந்திருந்த 24,000 கிட்டைத் திருப்பி அனுப்பியது. அரசுப் பணம் போகவில்லை என்றார்கள். அது தற்செயலாகத் தப்பியது. கிட் நன்றாக வேலை செய்திருந்தால் 600 ரூபாய் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டோம்.

கேரளத்தில் தப்பவில்லை. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. (தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கைப்படி, 2020 மார்ச் கடைசியில் பி.பி.இ. என்ற முழுப் பாதுகாப்பு உடை ஒன்று 550 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து வேறொரு நிறுவனத்திடம் 1,550 ரூபாய்க்கு ஆர்டர் போனது. கூடுதல் செலவு 10 கோடியே 23 லட்சம். சந்தையில் சரக்கே இல்லை, உயிர்தான் முக்கியம் என்று அப்போதைய ஆட்சியாளர்கள் பதில் சொன்னார்கள். நெருக்கடியில் விலை ஏறும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாளில் மூன்று மடங்கு ஏறுமா என்பதுதான் கேள்வி.

அப்படியானால் எது விலை குறைவோ அதை வாங்கினால் தீர்ந்தது, இல்லையா?

இல்லவே இல்லை. ரத்தப் பரிசோதனை மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர் மெஷினைச் சும்மாவே தருகிறேன் என்பார். அதில் ஊற்றும் ரீஏஜென்ட்டை (பரிசோதனைக்கான ரசாயனத்தை) மட்டும் அவரிடமே வாங்க வேண்டும். வேறு ரீஏஜென்ட் ஊற்றினால் மெஷின் ஏற்காது. முதல் வருட விலை நியாயமாக இருக்கும். மூன்றாம் வருடம் அவர் சொல்வதுதான் விலை. டெண்டர் கோப்பில் ‘மெஷின்: 0 ரூபாய்’ என்று அழகாக இருக்கும்.

பராமரிப்பும் அப்படித்தான். ஏ.எம்.சி. என்றால் ஆள் வந்து பார்ப்பார், பாகத்துக்குத் தனிக் காசு. சி.எம்.சி. என்றால் பாகமும் சேர்த்து. (இந்த சி.எம்.சி. வேறு, நம்ம ஊர் ஆஸ்பத்திரி இல்லை.) சி.டி. ஸ்கேனரில் எக்ஸ்ரே ட்யூப் போனால் அது ஒன்றே பல லட்சம். வாரண்டி முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு என்ன கட்டணம் என்பதை டெண்டரிலேயே எழுதி வாங்கி, மெஷின் விலையோடு கூட்டி, அதற்குப் பிறகு யார் குறைவு என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாத டெண்டரில் குறைந்த விலைக்காரர் ஜெயிப்பார், அரசு தோற்கும்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மெஷின் ஒன்று உறை போட்டபடியே கிடக்கிறது. அதுவும் வீண் செலவில் சேருமா?

என்னைக் கேட்டால் அதுதான் முதல் வீண் செலவு. இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கி தினமும் ஓடும் மெஷினை நான் மன்னித்துவிடுவேன். சரியான விலைக்கு வாங்கி ஒரு நோயாளிக்கும் பயன்படாத மெஷினுக்குக் கொடுத்தது முழுப் பணமும் நஷ்டம்.

2015 வாக்கில் மத்திய அரசு பல மாநிலங்களில் அரசு ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கணக்கெடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை செயல்படாமல் கிடப்பது தெரிந்தது. அதன் பிறகுதான் பராமரிப்பைத் தனி நிறுவனங்களிடம் கொடுக்கும் திட்டமே வந்தது.

ஏன் கிடக்கிறது? காரணங்கள் ரொம்பச் சாதாரணம். மும்முனை மின் இணைப்பு இல்லை. ஏ.சி. இல்லை, வேலூர் வெயிலில் ஏ.சி. இல்லாமல் நுட்பமான மெஷின் எதுவும் தாங்காது. எக்ஸ்ரே, சி.டி. என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், அறைச் சுவர் அதற்கேற்ப இருக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் என்றால் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். இயக்க ஆள் வேண்டும். பணியிடம் காலியாக இருக்கும், அல்லது பயிற்சி பெற்றவர் போன மாதம் மாற்றலாகிப் போயிருப்பார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. மார்ச் மாதம் நிதி திரும்பிப் போய்விடும் என்று அவசரமாக வாங்கியதும் இதில் சேரும்.

நன்கொடையாக வரும் மெஷினிலும் இதே தொல்லை. திறப்பு விழா போட்டோவில் இருக்கும் பாதி மெஷின்களுக்கு ரீஏஜென்ட் வாங்க வழி இருக்காது.

தனியார் ஆஸ்பத்திரியோடு ஒப்பிட்டு அரசு விலை அதிகம் என்று சொல்லலாமா?

நோயாளிக்கு அவர்கள் போடும் பில்லோடு ஒப்பிடாதீர்கள். ஸ்டாப்காக் கணக்கை மேலே பார்த்தோம். இன்னொரு மாநிலத்தின் மருத்துவக் கழகம் அதே மாடலை அதே வருடம் என்ன விலைக்கு வாங்கியது என்று பாருங்கள். மாடல் எண், வாரண்டி வருடம், உடன் தரும் உதிரிப் பொருட்கள் மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒப்பீடு செல்லும்.

எல்லாக் கருவிக்கும் ஸ்டென்ட் மாதிரி உச்சவரம்பு போட்டுவிடலாமே?

உச்சவரம்பு உள்ளவை கொஞ்சம்தான். மற்றக் கருவிகளின் எம்.ஆர்.பி.யை ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டுமே விதி. முதலிலேயே மூன்று மடங்கு அச்சடித்துவிட்டால் இந்த விதியால் என்ன பயன்? 2021-ல் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், பி.பி. மெஷின், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆகியவற்றுக்கு வியாபார லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. விலையை அரசு நிர்ணயித்தால் சில கம்பெனிகள் புதிய மாடலைக் கொண்டுவருவதில்லை. ஸ்டென்ட் உச்சவரம்புக்குப் பிறகு சில உயர்ரக ஸ்டென்ட்டுகளைத் திரும்பப் பெறவே விண்ணப்பித்தார்கள். லாபத்துக்குக் கடிவாளம் போட்டால் சரக்கு வரும், நடுவில் இருப்பவர் மட்டும் இளைப்பார்.

எங்கள் ஆஸ்பத்திரி வாங்கிய மெஷினின் விலையை எப்படித் தெரிந்துகொள்வது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் அங்கேயே உள்ள பொதுத் தகவல் அலுவலர்; அது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி என்றால் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பொது சுகாதாரத் துறை. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் வாலாஜாவுக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். பழைய வட ஆற்காடு நினைப்பில் எல்லாவற்றையும் வேலூருக்கே அனுப்பாதீர்கள். தப்பாகப் போனாலும் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்புதான், ஆனால் நாள் போகும்.

“ஊழல் நடந்ததா?” என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை. காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: கொள்முதல் ஆணையின் நகல், ஸ்பெசிபிகேஷன், விலை ஒப்பீட்டுப் பட்டியல், ப்ரீ-பிட் கூட்டக் குறிப்பு, மெஷின் நிறுவிய சான்று, பழுது நீக்கிய பதிவேடு, கடந்த ஆண்டு எத்தனை நோயாளிக்குப் பயன்பட்டது என்ற லாக் புக் பக்கங்கள். கடைசி இரண்டும் முக்கியம். விலை சரி என்று சாதிக்கலாம். லாக் புக் காலியாக இருந்தால் எதைச் சொல்லிச் சாதிப்பது?

“வணிக ரகசியம்” என்று சட்டத்தின் 8(1)(d) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். டெண்டர் முடிந்து ஆர்டர் போன பிறகு அரசு கொடுத்த விலை ரகசியம் ஆகாது என்று முதல் மேல்முறையீட்டில் எழுதுங்கள். அதற்கு 30 நாள் அவகாசம். அங்கேயும் நடக்கவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கையில் ஆதாரம் இருக்கிறது. யாரிடம் போவது?

லஞ்சம் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. மெஷின் சும்மா கிடக்கிறது என்றால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்கு அவரவர் கலெக்டர் ஆபீஸ். முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணும் உண்டு. மனு ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

இப்படிக் கேள்வி கேட்டால் டாக்டர்கள் பயந்து எதையுமே வாங்க மாட்டார்களே?

இது நியாயமான பயம்தான். தணிக்கைக்குப் பயந்து, மோசம் என்று தெரிந்தே மிகக் குறைந்த விலை மெஷினை வாங்கிய நேர்மையான அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஏன் இதை எடுத்தோம், ஏன் அதை விட்டோம் என்று கோப்பில் ஒரு பக்கம் எழுதி வைத்தவர்களுக்குப் பிரச்சினை வந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு பக்கத்தைத்தான் நீங்களும் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று டாக்டரோடு சண்டை போடுவதில் பிரயோசனம் இல்லை. பல சமயம் அவரே அந்த மெஷினைக் கேட்காதவராக இருப்பார்.

மனுவைத் தமிழில் எழுதலாமா? எதற்குக் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டுமா?

தமிழில் எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்கவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. உங்கள் பெயர், பதில் அனுப்ப முகவரி, ஸ்டாம்ப், அவ்வளவுதான்.